எண்ணெய் வீட்டுப் பாகப்பிரிவினை

(பெங்களூரு பீன்யாவில் தமிழ்ப் பட்டறைக்காரர்களும் தொழிலாளர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தெருவோரம் ஜேசிபி பள்ளம் தோண்டினால் வேலைக்கு நேரமாகிவிட்டவர்கூட ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். அந்த இரும்புக் கை மடங்கி நிமிரும்போது மூட்டருகே வெள்ளிபோல் பளபளக்கும் தண்டு ஒன்று உள்ளே போய் வெளியே வரும். குரோம் பூசிய பிஸ்டன் ராடு அது. அதை உள்ளே வைத்திருக்கும் உருளைதான் ஹைட்ராலிக் சிலிண்டர். இந்த அவையில் இதை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். போரிங், ஹோனிங், வெல்டிங் என்று அதன் ஏதாவது ஒரு வேலையை ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுத்த கைகள் இங்கேயே நிறைய இருக்கும்.

பீன்யா முதல் ஃபேஸில் இந்தச் சிலிண்டர்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் உள்ள பெயர் விப்ரோ. ஊரே அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரோடுதான் சேர்த்துச் சொல்கிறது. சர்ஜாபூர் சாலையிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, எழுபதுகளின் நடுவில், விப்ரோ ஃப்ளூயிட் பவர் என்ற பெயரில் இந்த வேலை தொடங்கிவிட்டது. இந்த வீட்டின் கதையை மென்பொருளில் தொடங்காமல் எண்ணெயில் தொடங்குவதே முறை. முதலில் சமையல் எண்ணெய், பிறகு சிலிண்டர் எண்ணெய்.

கட்ச் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குஜராத்தி முஸ்லிம் குடும்பம் பிரேம்ஜி குடும்பம். அரிசி வணிகத்தில் பேர் பெற்றது. அந்தக் குடும்பத்தின் முகமது ஹாஷம் பிரேம்ஜி, 1945 டிசம்பரில், மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்து அமல்னேர் என்ற சிற்றூரில் ‘வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்’ என்ற கம்பெனியை நிறுவினார். சுற்றிலும் நிலக்கடலை விளையும் ஊர். கடலையைப் பிழிந்து, அந்த எண்ணெயை உறைய வைத்து, சன்ஃபிளவர் என்ற பெயரில் வனஸ்பதியாக விற்றார்கள். அதோடு 787 என்ற சலவை சோப்பு. நாடு பிரிந்தபோது பாகிஸ்தானுக்கு வரும்படி ஜின்னா அழைத்தார், ஹாஷம் பிரேம்ஜி மறுத்துவிட்டார் என்பது அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும் எவரும் விடாமல் சொல்லும் செய்தி.

1966 ஆகஸ்டில் அவர் திடீரென்று இறந்தார். மகன் அஸீம் அப்போது அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். வயது 21. படிப்பைப் பாதியில் விட்டு வந்தவருக்குப் பட்டத்தை முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வந்தவரை வரவேற்றது கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். பங்குதாரர் ஒருவர் எழுந்து, இந்தப் பையனால் இது ஆகாது, பங்குகளை விற்றுவிட்டு விவரம் தெரிந்தவர்களிடம் நிர்வாகத்தை ஒப்படைப்பதே நல்லது என்று சபையிலேயே சொன்னார். நம் ஊர்க் கல்யாண வீட்டில் பெரியப்பாக்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் கம்பெனிக்குக் கடலை கொள்முதல் நடந்த விதம் சுவையானது. வாங்க வந்தவர் நாலு பருப்பை வாயில் போட்டுக் கடித்து, எண்ணெய் எவ்வளவு இருக்கும், ஈரம் எவ்வளவு இருக்கும் என்று தீர்ப்புச் சொல்வார். மூட்டையின் விலை அந்தப் பல்லில் இருந்தது. புதிதாக வந்த இளைஞர் அதை மாற்றினார். மாதிரி எடுத்து, எடை போட்டு, அளந்து பார்த்து வாங்கும் முறை வந்தது. இதைப் பெரிய சாதனையாக யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை. ஆனால் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: கண்ணால் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்பவருக்கும், அளந்து பார்த்துச் சொல்பவருக்கும் நடுவில் எத்தனை ரிஜெக்‌ஷன் கிடக்கிறது என்று.

வனஸ்பதி, கடலை விளைச்சலோடு ஏறி இறங்கும் தொழில். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்றுதான் ஹைட்ராலிக் வேலை தொடங்கப்பட்டது. அதற்குப் பெங்களூரு ஏன் பொருத்தமான ஊர் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கண்ணெதிரே இருக்கும் ஜாலஹள்ளியைக் காட்டினால் போதும். எச்.எம்.டி. 1953, பி.இ.எல். 1954. இரும்பை மைக்ரான் கணக்கில் கடையத் தெரிந்த கைகளை அந்த அரசு ஆலைகள் ஆயிரக்கணக்கில் உருவாக்கின. அந்தக் கைகள்தான் பின்னால் பீன்யாவில் ஷெட் பிடித்து, கடன் வாங்கி லேத் போட்டன. தனியார் முதலாளியின் துணிச்சலைப் புகழும்போது, அவருக்குத் தேவையான ஆட்களைப் பொதுப்பணத்தில் பழக்கிக் கொடுத்தது யார் என்பதை மறந்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

அதற்குப் பிந்திய கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஓட்டமாகவே போகலாம். 1977-ல் கம்பெனியின் நீளமான பெயர் சுருங்கி விப்ரோ ஆனது. அதே காலத்தில் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேற, கம்ப்யூட்டர் செய்ய இடம் கிடைத்தது. இங்கிருந்து யஷ்வந்த்பூரைத் தாண்டினால் வரும் இந்திய அறிவியல் கழகத்தில்தான் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. எண்பதுகளில் வன்பொருள், தொண்ணூறுகளில் மென்பொருள், 2000-ல் நியூயார்க் பங்குச்சந்தை. அந்தப் புத்தாயிரத்து ஏற்றத்தில் அஸீம் பிரேம்ஜி இந்தியாவின் முதல் பணக்காரரானார். அமல்னேரில் எப்போதோ வாங்கிய பங்கை விற்காமல் பெட்டியில் வைத்திருந்த கடைக்காரர்களும் விவசாயிகளும் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். விற்றவர்களும் அந்த ஊரில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

பிரேம்ஜி விமானத்தில் சாதாரண வகுப்பில் போவார், பழைய காரில் வருவார், அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்வார் என்ற கதைகளையும் கடந்து போகலாம். சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் ஆயிரம் கோடி வைத்திருப்பவர் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதில் நாம் காணும் புளகாங்கிதம், அந்த ஆயிரம் கோடி எங்கே போனது என்று கேட்பதை மறக்கடித்துவிடுகிறது.

எங்கே போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

தமிழில் ‘பங்கு’ என்பது விசித்திரமான சொல். கம்பெனி ஷேரும் பங்குதான், அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வதும் பங்குதான். அதனால்தான் சொத்தில் உரிமையுள்ள உறவினர் பங்காளி, கம்பெனியில் உரிமையுள்ளவர் பங்குதாரர். ஒரு வீடு எப்படிச் சம்பாதித்தது என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் காலத்துக்கும் பாதி இடம் உண்டு. ஐ.பி.எம். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. எப்படிப் பிரித்தது என்பதில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் முழுக்க முழுக்க அந்த வீட்டாரின் கையெழுத்து.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். 1926-ல் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பிள்ளையாகத் தர்மத்தை வைத்து, அதற்கொரு பங்கு எழுதினார்கள். பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் அறநிலையம் அப்படிப் பிறந்தது. 1951-ல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அந்த ஐந்தாம் பங்கு. பீன்யாவில் இன்று டிசைன் போடுபவர்களில் அந்தக் கல்லூரியின் வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. அந்த ஐந்தாவது பிள்ளை மட்டும் பங்காளிச் சண்டைக்குப் போகவில்லை, கடன் வாங்கி மூழ்கவில்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை.

வேறு விதமான பிரிவினைகளும் உண்டு. 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம், நான்காம் தலைமுறை வரை ஒரே கூரையின் கீழ் நின்றுவிட்டு, நடைமுறையில் எந்தக் கிளை எதை நடத்தியதோ அதையே அதன் பெயருக்கு மாற்றி, 2022-ல் சட்டப்படி பிரிந்தது. வாய்ச்சண்டை வெளியே கேட்கவில்லை. முருகப்பா குடும்பத்தில் கேட்டது. எம்.வி.முருகப்பன் 2017-ல் மறைந்தபின், அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடியின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020-ல் பொதுக்கூட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. மூன்று ஆண்டுகள் இழுத்து 2023-ல் சமரசம் ஆனது. பங்கு கொடுக்கலாம், நாற்காலி கொடுக்க முடியாது என்று மகள்களிடம் சொல்வது செட்டிநாட்டில் மட்டும் நடப்பதல்ல. இந்த அவையில் உள்ள ஷெட்டுகளில் எத்தனை, மகளின் பெயரில் எழுதப்படும் என்பதை அவரவர் மனதில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பங்கு வேறு, நாற்காலி வேறு. பிரேம்ஜி வீட்டுப் பிரிவினையின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

அஸீம் பிரேம்ஜி தன் கொடைக்கு மூலமாகச் சொல்வது தாயை. குல்பானு பிரேம்ஜி மருத்துவம் படித்தவர். தனியாகத் தொழில் நடத்தாமல், போலியோவால் கைகால் முடங்கிய குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவமனையை மும்பையில் உருவாக்கி நடத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டார். பணம் போதாத காலங்களில் அலைந்து நிதி திரட்டியிருக்கிறார். அப்பாவின் பெயர் விப்ரோவின் பங்குச்சந்தை ஆவணங்களில் ஹாஷம் டிரேடர்ஸ் என்று இன்னும் இருக்கிறது. கம்பெனியின் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் குடும்பக் கூட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அம்மாவின் பெயர் எந்தப் பங்கிலும் இல்லை. ஆனால் பங்கின் பலன் போகும் திசை அவர் காட்டியது.

2000-க்குப் பின் அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளை தொடங்கியது. 2010-ல் சுமார் 8,800 கோடி ரூபாய் மதிப்புள்ள விப்ரோ பங்குகள் அதற்குப் போயின. 2013-ல் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பதாக உலகப் பணக்காரர்கள் கையெழுத்திடும் உறுதிமொழியில் இந்தியாவிலிருந்து முதலில் கையெழுத்திட்டவர் அவர்தான். 2019 மார்ச்சில் மேலும் 34 சதவீதப் பங்குகளின் பலன், அன்றைய மதிப்பில் 52,750 கோடி ரூபாய். எல்லாம் சேர்த்து 1,45,000 கோடி. விப்ரோ பங்குகளின் பலனில் 67 சதவீதம் அறத்துக்கு. அதுவும் திரும்பப் பெற முடியாதபடி எழுதிக் கொடுக்கப்பட்டது. பீளமேட்டில் தர்மத்துக்கு ஐந்தில் ஒன்று. இங்கே மூன்றில் இரண்டு.

கைதட்டுவதற்கு முன் பத்திரத்தின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கொடுக்கப்பட்டது பெரும்பாலும் பலன். டிவிடெண்டு வந்தாலும், கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கினாலும் பணம் அறக்கட்டளைக்குப் போகும். 2023-ல் விப்ரோ 12,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளைத் திரும்ப வாங்கியதுபோன்ற நேரங்களில்தான் இந்தக் குழாயில் நீர் வேகமாக ஓடும். ஆனால் கம்பெனியை நடத்தும் அதிகாரம் வீட்டிலேயே இருக்கிறது. 2019 ஜூலை இறுதியில் அஸீம் பிரேம்ஜி எழுந்த நாற்காலியில் மறுநாளே மூத்த மகன் ரிஷாத் உட்கார்ந்தார். அவர் ஹார்வர்டில் படித்தவர், வெளியில் வேலை பார்த்துவிட்டு 2007-ல் விப்ரோவுக்குள் வந்தவர். தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே தகுதியோடு வேறொரு வீட்டில் பிறந்தவர் அந்த நாற்காலிக்கு வந்திருப்பாரா என்று கேட்கலாம் அல்லவா? விளைச்சலைக் கோயிலுக்கு எழுதிவிட்டுச் சாவியைக் குடும்பத்தில் வைத்துக்கொள்வது நமக்குப் புதிய ஏற்பாடு அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பரம்பரை அறங்காவலர் எவரைக் கேட்டாலும் அதன் நெளிவுசுளிவுகளை விளக்குவார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013-ல் விப்ரோ இரண்டானது. மென்பொருள் மட்டும் பங்குச்சந்தையில் நின்றது. சந்தூர் சோப்பும், விளக்குகளும், பீன்யாவின் சிலிண்டரும் விப்ரோ எண்டர்பிரைசஸ் என்ற தனிக் கம்பெனிக்குப் போயின. அது சந்தையில் பட்டியலிடப்படாதது. ஸ்வீடனில் சிலிண்டர் ஆலைகளை வாங்கியதும், ஹிந்துப்பூரில் தொழிற்சாலை போட்டதும் இந்தக் கிளைதான். ஹாஷம் பிரேம்ஜியின் எண்ணெய்த் தொழிலுக்கு நேர் வாரிசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கண்ணாடிக் கட்டடத்தைவிட பீன்யா ஆலையே அதற்கு நெருக்கம்.

அறக்கட்டளைப் பணம் என்ன செய்கிறது? பெரும்பகுதி அரசுப் பள்ளிகளின் ஆசிரியர்களோடு வேலை செய்கிறது. யாத்கிர், கலபுரகி, சத்தீஸ்கர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று போகும் பட்டியலில் நம் புதுச்சேரியும் உண்டு. தனியே பளபளப்பான பள்ளிகளைக் கட்டித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது எளிது. அரசுப் பள்ளி ஆசிரியரோடு உட்கார்ந்து பின்னங்களை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசுவதில் பெயர்ப்பலகைக்கு இடமில்லை, திறப்பு விழாவும் கிடையாது. இந்தத் தேர்வுக்காக அந்த வீட்டைப் பாராட்ட வேண்டும். பெங்களூரிலும் போபாலிலும் பல்கலைக்கழகமும் நடக்கிறது.

முட்டை விஷயத்தில்தான் சிக்கல். கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024-ல் மீதி நான்கு நாள் முட்டைக்கான செலவை மூன்று ஆண்டுகளுக்கு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. சுமார் 1,500 கோடி ரூபாய். அரை கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள். யாத்கிரில் அதைத் தொடங்கி வைத்தார்கள். முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. அமல்னேரில் கடலை பிழிந்த வீட்டின் பணம் ஒரு சுற்று சுற்றிக் கடலை மிட்டாயாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை எதிர்த்திசையில் நடந்தது. விருதுநகர் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்தது 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. அதில் படித்த காமராஜர் முதலமைச்சரானபோது மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. ஒரு சமூகத்தின் தர்மமாகப் பிறந்தது வரிப்பணத்தின் கடமையாக வளர்ந்தது. பிள்ளை தட்டில் முட்டை இல்லையென்றால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். கர்நாடகத்தில், கடமையாக இருக்க வேண்டிய நான்கு நாள், ஒரு வீட்டின் தர்மமாக மாறியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் முடிந்தபின் அந்த நான்கு நாளுக்கு யாரைக் கேட்பது?

இதில் குற்றம் கொடுத்தவர் மீது இல்லை. ஆனால் இத்தனை பெரிய கொடை ஓர் அரசின் பக்கத்தில் வந்து உட்காரும்போது, அரசு சற்று நகர்ந்து இடம் கொடுத்துவிடுகிறது. அது கொடுத்தவரும் விரும்பாத விளைவாக இருக்கலாம்.

மறுபடியும் பங்குக்கே வருவோம். 2024 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அஸீம் பிரேம்ஜி தன் பெயரில் இருந்த விப்ரோ பங்குகளில் 51,15,090-ஐ மகன் ரிஷாத்துக்கும், அதே அளவை இளைய மகன் தாரிக்குக்கும் அன்பளிப்பாக மாற்றியிருந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு கோடியே சொச்சம் பங்குகள். அன்றைய விலைக்கு ஐந்நூறு கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நமக்கு மலைப்பாக இருக்கும் அந்தத் தொகை, கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.20 சதவீதம். இதுதான் பிள்ளைகளுக்குக் கிடைத்த எல்லாமும் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலிடப்படாத கம்பெனி இருக்கிறது, தலைவர் நாற்காலி இருக்கிறது. ஆனாலும் பீளமேட்டுச் சகோதரர்கள் நால்வரும் தங்களுக்கு நாலு பாகம் வைத்துக்கொண்டு தர்மத்துக்கு ஒன்று எழுதிய அதே கணக்கை, இங்கே ஒரு தகப்பன் தலைகீழாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

பீன்யாவின் முதல் தலைமுறைப் பட்டறைக்காரர்களுக்கும் இப்போது அறுபது, எழுபது வயதாகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒதுக்கீடாகக் கிடைத்த ஷெட்டின் விலை, உள்ளே ஓடும் மெஷின்களின் விலையைப்போல் பல மடங்கு ஆகிவிட்டது. மெட்ரோவிலிருந்து பார்த்தால் தகரக் கூரைகளுக்கு நடுவே அடுக்குமாடிகள் முளைப்பது தெரிகிறது. ஒரு மகன் சி.என்.சி. வாங்கலாம் என்கிறான், இன்னொருவன் இடத்தை விற்றுவிடலாம் என்கிறான், மகள் அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். லேத்தில் இருபத்தைந்து வருஷம் நின்ற ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்கிறார். அவருக்கும் அதில் ஏதாவது எழுதப்படுமா என்று அந்த வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை.